யாரிடமும் வழி கேட்காதே

லிஸ்பன், 16 ஜனவரி 1977

அன்புத் தங்கச்சி ஃபெலிஸ்மினாவுக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள். ஒரு எழுத்து மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே சரிகிறது. பேனாவை அழுத்தியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தும் விட்டது. எழுபத்திரண்டு வயதில் எழுதக் கற்றவனின் கை இப்படித்தான் இருக்கும். இந்தக் கடிதம் வரும்போது நீ நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். ஆண்டவர் கிருபையால் நான் சுகம்.

இதுவரை என் பெயரில் உனக்கு வந்ததெல்லாம் ஒயின் கடைக்காரர் எழுதியவை. இது நானே எழுதுவது. சர்வாதிகாரத்தை விரட்டிய புரட்சிக்குப் பிறகு எங்கள் பேட்டையில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. இல்டா என்ற பெண் சொல்லித் தருகிறாள். "பெல்மீரு ஐயா, நாக்கை உள்ள இழுங்க. எழுதறது கைதான்" என்று திட்டுவாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம், தங்கச்சி! தெருவில் நடந்தால் சுவரெல்லாம் என்னோடு பேசுகிறது. நேற்று ஒரு கதவில் 'தள்ளு' என்று போட்டிருந்தது. தள்ளினேன். திறந்துகொண்டது. உள்ளே எனக்கு ஒரு வேலையும் இல்லை. மறுபடி மூடிவிட்டு வந்தேன்.

உன் மகன் அமாந்தியுவைப் பார்த்தேன். சுரங்கத்து மருத்துவர் சீட்டுக் கொடுத்து அனுப்பிய பெரிய ஆஸ்பத்திரியில், மாடியில் இருக்கிறான். சுரங்கத் தூசி நெஞ்சில் படிந்துவிட்டதால் இருமுகிறான். ஞாயிறுதோறும் போகிறேன். நீ அவனுக்கு நேராக எழுதாதே. அவ்வளவு பெரிய இடத்தில் கடிதம் தொலைந்துபோகும். எனக்கே எழுது, நான் அவனுக்கு வாசித்துக் காட்டுகிறேன். எனக்கும் பழக்கம் ஆகும்.

நீ வருவதானால் சொல். இந்த நகரத்தில் எப்படி நடக்க வேண்டும், எதில் ஏற வேண்டும் என்று எல்லாம் எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
பெல்மீரு

*

ஃபுண்டாவ், 3 பிப்ரவரி 1977

அண்ணா,

நீ சுகம் என்று தெரிந்தது. நானும் சுகம், முழங்காலைத் தவிர.

உறையைப் பிரித்ததும், மையை மிதித்த கோழி ஒன்று தாளின் மேல் நடந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு உன் பெயரைப் பார்த்தேன். நம் வீட்டில் எனக்குப் பங்குச் சாமியார் புண்ணியத்தில் எழுத்து கிடைத்தது, உனக்கு ஆடுகள் கிடைத்தன. அந்த ஆடுகளும் உன்னை மதித்ததில்லை.

விளையாட்டு போதும். இங்குள்ள மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஃபெலிஸ்மினாம்மா, ஒளிக்காம சொல்றேன். மே கடைசியில செர்ரி பழுக்கிற வரைக்கும் அவன் தாங்கமாட்டான். பார்க்கணும்னா சீக்கிரம் போய்ப் பாருங்க" என்றார். இதை அமாந்தியுவிடம் சொல்லாதே. எனக்கு இருப்பது அவன் ஒருவன். மூச்சு இருக்கும்போதே அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் ஃபுண்டாவ் சந்தையைத் தாண்டிப் போனவள் இல்லை. ரயில் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? அதை மட்டும் எழுது.

தெரிந்த ஓட்டுநரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். ஆட்டுப் பாலாடைக்கட்டியும், சீமைமாதுளைப் பழத்தைக் காய்ச்சி இறுக வைத்த பாகும் இருக்கின்றன. அமாந்தியுவுக்கு. உனக்கல்ல.

ஃபெலிஸ்மினா

*

லிஸ்பன், 27 பிப்ரவரி 1977

அன்புத் தங்கச்சி,

உன் முழங்கால் இப்போது தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் கடிதத்தை நானே வாசித்தேன். யார் உதவியும் இல்லை! கோழி நடந்த இடத்தை ஒயின் கடையில் உரக்க வாசித்தேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆஸ்பத்திரியிலும் வாசித்தேன். மருத்துவர் சொன்ன வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். "அப்புறம் என்ன மாமா?" என்றான். "அம்மா கையெழுத்து புரியலடா" என்றேன். நம்பிவிட்டான்.

இப்போது நகரத்தைப் பற்றிக் கேள். ரப்பர் அடி வைத்த செருப்புப் போடு. இங்கே தெருவெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைக் கல். மழை பெய்தால் சோப்பு மாதிரி வழுக்கும். காசை உடைக்குள்ளே முன்பக்கம் வை. டிராமில் ஒருவன் உன்னை இடிப்பான், இன்னொருவன் "அடடா, அடிபட்டுச்சாம்மா?" என்று விசாரிப்பான். விசாரிக்கிறவன்தான் திருடன். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் நீ கேட்காமலே ரொட்டியும் ஒலிவக்காயும் கொண்டுவந்து வைப்பான். தொட்டால் காசு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்.

முக்கியமானது ஒன்று: யாரிடமும் வழி கேட்காதே. வழி கேட்கிறவள் ஊருக்குப் புதியவள் என்று தெரிந்துவிடும், பின்னாலேயே வருவார்கள். போலீஸ்காரனிடமும் கேட்காதே, சட்டையை யார் வேண்டுமானாலும் போடலாம்.

ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டாய். சுலபம் இல்லை. ஆற்றோரம் நடந்து பெரிய சதுக்கம், அங்கே மஞ்சள் டிராம், அதிலிருந்து இறங்கி மலையேறும் கயிற்று வண்டி, மேலே இன்னொரு டிராம், பிறகு ஒரு மதில் ஓரமாகக் கீழே இறங்க வேண்டும். மதில்கள் நிறைய இருக்கும். தனியாக வந்தால் தொலைந்துபோவாய். மழை விடட்டும்.

பொட்டலம் வந்தது. அமாந்தியு பாகை ஒரு துண்டு தின்றான். பாலாடைக்கட்டி அவனுக்கு ஆகாது என்று நாங்களே ஒயின் கடையில் தின்றோம். அருமையான கட்டி.

பெல்மீரு

*

ஃபுண்டாவ், 9 மார்ச் 1977

அண்ணா,

சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், என் பாலாடைக்கட்டியைத் தின்றவன்.

நான் மகனைப் பற்றிக் கேட்டேன். நீ ஒலிவக்காயைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவன் எப்படி இருக்கிறான்? எழுந்து நடக்கிறானா? என்னைக் கேட்கிறானா?

27ஆம் தேதி ஞாயிறு வருகிறேன். மழை பெய்தால் நனைகிறேன்.

ஃபெலிஸ்மினா

*

லிஸ்பன், 20 மார்ச் 1977

அன்புத் தங்கச்சி,

நீ கோபமில்லாமல் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு சின்னச் சளி, சொல்லும்படி இல்லை.

27 வேண்டாம். அன்றைக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும். ஈஸ்டருக்கு முன்னால் நகரம் முழுக்க வெளியூர்க்காரர்கள், திருடர்களுக்கும் அதுதான் அறுவடை. ஈஸ்டர் முடியட்டும். ஏப்ரல் 24 ஞாயிறு வா. மதிய ரயிலில் வந்து இறங்கு, ஆற்றோரத்து நிலையம். உள்ளே பெரிய கடிகாரம் இருக்கிறது. அதன் கீழே பெஞ்சில் உட்கார். நான் வந்து கூட்டிப் போகிறேன். நான் வரும்வரை நகராதே.

அமாந்தியு உனக்கு எழுதச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவது என்று ஏற்பாடு. "நானே எழுதறேன் மாமா, பேனாவக் குடுங்க" என்றான். "நீ படுடா, மாமா எதுக்கு இருக்கேன்?" என்றேன். நிறையச் சொன்னான். நடுநடுவே இருமல். எனக்கும் விரல் வலித்தது. அதனால் முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன்: சுகமாக இருக்கிறான்.

தங்கச்சி, முன்பெல்லாம் ஈஸ்டருக்கு ஒரு வரி எழுதுவாய், அதுவும் எல்லா வருடமும் இல்லை. இந்த வருடம் இதற்குள் இரண்டு கடிதம் வந்துவிட்டது! சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். தபால்காரர் என்னைப் பார்த்தாலே, "என்ன ஐயா, மந்திரிக்குக்கூட இவ்வளவு கடிதாசி வராது போலிருக்கே" என்கிறார். உடனே பதில் போடு.

பெல்மீரு

*

ஃபுண்டாவ், 30 மார்ச் 1977

அன்புள்ள அண்ணா,

உன் சளி குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் சுகம்.

நீ சொன்னபடியே செய்கிறேன். 24ஆம் தேதி மதிய ரயில். ஆடுகளைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். அன்று மாலை ரயிலிலேயே திரும்பிவிடுவேன், உனக்குச் சிரமம் வேண்டாம். அரை மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

உன் கையெழுத்தைக் கேலி செய்தது தப்பு. நல்ல கையெழுத்துதான். கடிகாரத்தின் கீழே வந்து நில், அண்ணா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். இதுவரை எதற்கும் கெஞ்சியதில்லை, உனக்கே தெரியும்.

உன் தங்கை,
ஃபெலிஸ்மினா

*

லிஸ்பன், 25 ஏப்ரல் 1977

அன்புத் தங்கச்சி,

நீ சுகமா? நான் சுகம் மட்டுமில்லை, தரையில் கால் படவில்லை!

நேற்று எங்கள் பேட்டை மன்றத்தில் புரட்சி நாளுக்காக விழா. வகுப்பில் இருப்பவர்கள் மேடையேறி வாசிக்க வேண்டும் என்று இல்டா ஏற்பாடு செய்திருந்தாள். நான் மூன்றாவது. சட்டையில் புரட்சியின் அடையாளமாகச் சிவப்புக் கார்னேஷன் பூ. ஒரு பக்கம் முழுக்க, தங்கச்சி, ஒரு பக்கம்! ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. கீழே இறங்கியதும் மீன் விற்கும் ஒருத்தி, "இன்னொரு தடவ வாசிங்க ஐயா, எங்க வீட்டு ஆளு கேக்கல" என்றாள். மறுபடி வாசித்தேன். பிறகு வறுத்த மீன், ஒயின், பாட்டு. வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது.

நீ கெஞ்சி எழுதிய கடிதத்தையும் ஒயின் கடையில் வாசித்துக் காட்டினேன். என் தங்கை எப்படிப்பட்டவள் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் யாரும் நம்பவில்லை. கையெழுத்தை நீட்டிக் காட்டினேன்.

நேற்றுதான் நீ வருவதாக இருந்த நாள் என்று இப்போது எழுத உட்கார்ந்தபோது ஞாபகம் வந்தது. பண்டிகைக் கூட்டத்தை நினைத்து நீ கிளம்பியிருக்கமாட்டாய். நல்லதாயிற்று.

பெல்மீரு

*

ஃபுண்டாவ், 26 ஏப்ரல் 1977

பெல்மீரு,

உன் சுகத்தை விசாரிக்க எனக்கு மனம் இல்லை.

மதிய ரயிலில் வந்தேன். கடிகாரத்தின் கீழே உட்கார்ந்தேன். மாலை ரயில் கிளம்பும்வரை உட்கார்ந்திருந்தேன். மடியில் அவனுக்காகச் சுட்ட ஈஸ்டர் ரொட்டி. முதலில் வழியில் தாமதம் என்று நினைத்தேன். பிறகு உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஜெபம் சொன்னேன். உனக்காக!

ஒரு போலீஸ்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "யாருக்காகம்மா இவ்ளோ நேரமா உக்காந்திருக்கீங்க?"

"அண்ணன் வருவாரு."

"எங்க போகணும்னு சொல்லுங்க, நான் ஏத்திவிடறேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. சட்டையை யார் வேண்டுமானாலும் போடலாம் என்று நீ எழுதியிருந்தாய். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதர் முகம் சுருங்கிப் போய்விட்டார்.

ரொட்டியைத் திரும்பக் கொண்டுவந்து பன்றிக்குப் போட்டேன்.

இனி நீ வர வேண்டாம். வழியை மட்டும் எழுது. ஒரே தாளில், ஒன்றன் கீழ் ஒன்றாக. கடிதம் கிடைத்த அன்றே கிளம்புவேன்.

ஃபெலிஸ்மினா

*

லிஸ்பன், 8 மே 1977

அன்புத் தங்கச்சி,

களைப்பெல்லாம் தீர்ந்து சுகமாக இருப்பாய். நான் சுகம்.

கோபமாக எழுதும்போது உன் எழுத்துகூட வலப்பக்கம் சாய்கிறது, கவனித்தாயா? இல்டாவிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். "ஐயா, இன்னிக்கே அவங்களுக்கு வழி எழுதிப் போடுங்க" என்றாள். அவசரப்பட்டால் எழுத்து கெடும் என்று நிதானமாக எழுதுகிறேன்.

வழி இதுதான். நிலையத்தை விட்டு வெளியே வந்து இடப்பக்கம் ஆறு இருக்கும்படி நட. சதுக்கத்தில் டிராம். டிராமில் நிற்காதே, மலைத் திருப்பத்தில் தூக்கி எறியும். இறங்கி, கயிற்று வண்டிக்கு வரிசையில் நில். மேலே போனதும் வேறு டிராம். அதில் எத்தனையாவது நிறுத்தம் என்று ஒவ்வொரு முறையும் எண்ணப் பார்க்கிறேன், பேச்சில் மறந்துவிடுகிறது. எண்ணி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், அதுவரை கிளம்பாதே. உண்மையில் ஜூனில் வந்தாயானால் புனித அந்தோனியார் திருவிழா. தெருவெல்லாம் மத்தி மீன் சுடுவார்கள். சின்ன இலைத் துளசித் தொட்டி விற்பார்கள். அதை மூக்கருகே கொண்டுபோகக் கூடாது, வாடிவிடும் என்பார்கள். உள்ளங்கையால் தடவிக் கையைத்தான் மோந்து பார்க்க வேண்டும். உனக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன்.

அமாந்தியுவை ஜன்னல் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றி, சுற்றிலும் வெள்ளைத் திரை கட்டியிருக்கிறார்கள். தனி அறை மாதிரி வசதியாக இருக்கிறது. இன்று உன் கடிதத்தை வாசித்தேன், கண்ணை மூடிக் கேட்டான். ரயில் நிலையத்துப் பகுதியை விட்டுவிட்டேன்.

பெல்மீரு

*

ஃபுண்டாவ், 9 ஜூன் 1977

பெல்மீரு,

இது உனக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம்.

உன் வழிக் கடிதமும், அவன் போய்விட்டான் என்ற ஆஸ்பத்திரித் தந்தியும் ஒரே நாளில் வந்தன. தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ரயில் ஏறினேன். நிலையத்தை விட்டு வெளியே வந்து, வாசலில் நின்ற பச்சைப் பேருந்தின் ஓட்டுநரிடம் கேட்டேன். வழி கேட்டேன். இனி என்னிடம் திருட என்ன இருக்கிறது?

"ஆஸ்பத்திரிக்கா? இதுதாம்மா, ஏறுங்க. கடைசி நிறுத்தம். வாசல்லயே நிக்கும்."

ஒரே பேருந்து. டிராம் இல்லை, கயிற்று வண்டி இல்லை, மதில் இல்லை. அந்தப் பேருந்து எனக்குத் தெரியும். ஏப்ரலில் கடிகாரத்தின் கீழே உட்கார்ந்து, வாசல் வழியாக அது வருவதையும் போவதையும் மாலை வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டில்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமைன்னா சட்டைய மாத்திக்கிட்டு உக்காந்திருப்பாம்மா. பெரியவர் வந்ததும், 'அம்மா வரலியா மாமா?'ம்பான். 'உங்கம்மாவுக்கு டிராம்னா பயம்டா'ன்னுட்டு அவர் கடிதாசிய எடுத்து வாசிக்க ஆரம்பிச்சிருவாரு. கடைசி ஞாயிறு அவனுக்குக் குரலே இல்ல. 'அம்மாவுக்கு எழுதுங்க மாமா, இங்க படுத்துக்கிட்டே டிராம் சத்தம் கேக்கறேன், பயப்பட ஒண்ணுமில்லன்னு எழுதுங்க'ன்னான்."

இதை நீ எழுதவில்லை. துளசித் தொட்டியைப் பற்றி எழுதினாய்.

என் மகன், தாய் டிராமுக்குப் பயந்து வரவில்லை என்று நினைத்தபடி செத்தான். அடக்கத்தின்போது நீ புதுத் தொப்பி போட்டுக்கொண்டு, வழியெல்லாம் கல்லறைப் பெயர்களை உரக்க வாசித்துக்கொண்டு வந்தாய். குழியருகேகூட நிறுத்தவில்லை. சாமியார் திரும்பிப் பார்த்தார். நான் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் அந்தக் குழியில் உன்னைத் தள்ளியிருப்பேன்.

இனி எழுதாதே. வருகிற கடிதம் உறை பிரிக்காமல் அடுப்புக்குப் போகும்.

அமாந்தியுவின் தாய்

*

லிஸ்பன், 26 ஜூன் 1977

அன்புத் தங்கச்சி ஃபெலிஸ்மினாவுக்கு,

துக்கத்திலும் உடம்பைப் பார்த்துக்கொள். நான் சுகம்.

உன் கடிதம் நீளமானது, முழுதையும் வாசிக்க இரண்டு நாள் ஆயிற்று. பேருந்தைப் பற்றி எழுதியிருந்தாய். அது எனக்குத் தெரியாததில்லை. ஒரே பேருந்தில் ஏறி இறங்கினால் நகரத்தில் எதைப் பார்ப்பாய்? எழுதத்தான் என்ன இருக்கிறது?

அடுப்பில் போடுவேன் என்கிறாய். இதைப் போடாதே, இதில் அமாந்தியுவைப் பற்றிய விஷயம் இருக்கிறது. அதற்காகத்தான் உறையின் மேலேயே அவன் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்துக்கு வருவதானால் பெரிய வாசலில் பூ வாங்காதே, விலை இரட்டிப்பு. பின் வாசலில் ஒரு கிழவி மலிவாகக் கொடுப்பாள். குழாய் சுவரோரம் இருக்கிறது, தண்ணீருக்குப் பாத்திரம் கொண்டுவா. இந்தப் பேட்டைகளில் ஏழைகளுக்கு மண் சொந்தமில்லை என்பது ஊரில் இருக்கும் உனக்குத் தெரியாது. சில வருடங்களுக்குத்தான் தருவார்கள். பிறகு தோண்டி, எலும்பைக் கழுவிச் சின்னப் பெட்டியில் வைப்பார்கள். உறவுக்காரர் அன்று நேரில் நிற்க வேண்டும். யாரும் வராவிட்டால் பொதுக் குழியில் மற்றவர்களோடு கலந்துவிடுவார்கள், அப்புறம் எது யாருடையது என்று ஆண்டவருக்கே தெரியாது.

தோண்டும் நாளை முன்கூட்டியே கடிதம் போட்டுச் சொல்வார்கள். ஒரு முகவரிக்குத்தான் போடுவார்களாம். "யாரு பேர்ல போடட்டும்?" என்று அலுவலகத்துப் பெண் கேட்டாள். நீ சாமியாரோடு நின்று அழுதுகொண்டிருந்தாய். என் பெயரையும் முகவரியையும் நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன். "நல்லா எழுதறீங்களே ஐயா" என்றாள்.

ஆகவே அந்தக் கடிதம் எனக்குத்தான் வரும். வந்ததும் நாள், நேரம், எந்த வாசல், எங்கே நிற்க வேண்டும் என்று எல்லாம் உனக்கு எழுதுவேன். அதுவரை நீ என் கடிதங்களைப் பிரிக்க வேண்டியிருக்கும், எந்தக் கடிதத்தில் அது இருக்கும் என்று உனக்குத் தெரியாதே. பதிலும் போடு. பதில் வராவிட்டால் நீ இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாயா என்று எனக்கு எப்படித் தெரியும்?

மை தீர்ந்துகொண்டு வருகிறது, அதனால் நிறுத்துகிறேன். நாளைக்குப் புதுப் புட்டி வாங்கி, அடுத்த வாரம் நிச்சயம் எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
பெல்மீரு